மாமியார் துப்பாக்கியும் என் நாத்தனாரும்

என் நாத்தனாருக்கு இடது காது கேட்காது. வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவர்களுக்குக் குழலின் வாய்ப்பக்கம் இருக்கும் இடது காதுதான் முதலில் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு அவர் தம்பியைப் பற்றி, அதாவது என் வீட்டுக்காரரைப் பற்றி, மூச்சுவிடாமல் குறை சொல்வேன். அண்ணி (நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். நாத்தனார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று என் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஒருநாள் இடம் மாறி வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை.

மற்ற பெண்கள் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் ஏறி அலுவலகம், ஆலை என்று போவார்கள். அண்ணி அதே பஸ்ஸில் ஏறிப் போய்த் துப்பாக்கி சுடுவார். படைக்கு வாங்குகிற துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்க்கும் சுடுகளம் அது. நீளமான தகரக் கொட்டகை, முன்னால் மண்மேடு, கொட்டகைக்குள் வரிசையாகச் சுடுமேடைகள். அண்ணிக்கு முதல் மேடை. சுடும்போது கண்ணிமை ஆடாது, தோள் ஆடாது. அதனால் அங்கே அவருக்குப் பெயர் கல்லு. வயதில் மூத்தவர்களுக்கு அவர் கல்லு, மற்றவர்களுக்குக் கல்லக்கா.

பெற்றவர்கள் போனபிறகு தம்பியை வளர்த்தது அண்ணிதான். ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார், "பொண்ணு இந்த வேலைய விட்டுடணும்" என்றார்களாம். "மாப்பிள்ளை வேலைய விடுவாரா?" என்று அண்ணி கேட்டார். "அவர் எதுக்கு விடணும்?" என்றார்கள். "அப்ப காப்பிய குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாராம். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வரன் வரவில்லை. தம்பி வளர்ந்து, அக்காவைப் பார்த்துப் பார்த்தே படையில் சேர்ந்தார். அவருக்கு நான் வாய்த்தேன். எனக்கும் அதே களத்தில் அண்ணிதான் வேலை வாங்கிக் கொடுத்தார். அண்ணி சுடுவார், நான் சேறு பிசைவேன்.

சிரிக்க வேண்டாம், அது நிஜமான வேலை. துப்பாக்கியைச் சுத்தமாகத் துடைத்து வைத்துச் சுட்டால் எதுவும் சுடும். போர்க்களத்தில் யார் துடைத்துக்கொடுப்பது? அதனால் மணலைச் சலித்து, காயவைத்து, மின்விசிறி பொருத்திய பெட்டிக்குள் துப்பாக்கியை வைத்து அதன்மேல் வீசியடிக்க வேண்டும். களிமண்ணைக் கரைத்து, ஓடவும் கூடாது ஒட்டி நிற்கவும் கூடாது என்ற பதத்தில் தொட்டி நிறைய வைத்து, அதில் துப்பாக்கியை முக்கி எடுக்க வேண்டும். பிறகு சுடுகிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டிலே தரை துடைக்கிறவளுக்கு வெளியிலே அழுக்காக்குகிற வேலை.

அந்த வருடம் இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிட்டுச் சோதித்தோம். ஒன்று, படையில் ஏற்கெனவே இருக்கும் பழையது. நீளம், கனம். ஏழு புள்ளி அறுபத்திரண்டு மில்லிமீட்டர் குண்டு. வெகுதூரம் போகும், சுவருக்குப் பின்னால் ஒளிந்தவனையும் விடாது. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் தோளில் ஒரு இடி இடிக்கும். இடித்துக்கொண்டே இருந்ததால் களத்தில் அதற்குப் பெயர் மாமியார். இன்னொன்று புதியது, குட்டை, ஐந்து புள்ளி ஐம்பத்தாறு. தோட்டாவின் எடை பாதிதான், அதே சுமையில் இரண்டு மடங்கு தோட்டா எடுத்துப் போகலாம். தோளில் உதைப்பதே தெரியாது, இரண்டாவது குண்டும் குறியிலேயே போய் விழும். தூரம் கூடினால் மட்டும் காற்று அதைத் தள்ளிவிடும். மாமியார் என்று ஒன்று இருந்தால் மருமகள் இல்லாமல் இருப்பாளா? புதியதற்கு அந்தப் பெயர்.

மாமியாரின் உள்பாகங்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளி உண்டு. மணல் போனாலும் எங்காவது ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும். மருமகள் இறுக்கமாகச் செய்தவள். குறி சுத்தம், ஆனால் மணல் ஆகாது. இப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், அண்ணி உட்பட. சோதனையும் அதையே காட்டியது. மணலிலும் சேற்றிலும் மருமகள் அடிக்கடி நின்றாள். மாமியார் நிற்கவே இல்லை என்று சொல்லலாம்.

நிற்பதைக் கணக்கெடுக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. துப்பாக்கி சுடாமல் நின்றுவிட்டால் சுடுகிறவர் இடது கையைத் தூக்க வேண்டும். உடனே சிவப்புக் கொடி ஏறும். வரிசை முழுவதும் சுடுவதை நிறுத்தும். ஒருவர் வந்து பார்த்து, ஒரு நிறுத்தம் என்று குறித்துக்கொள்வார். கை தூக்கினால்தான் நிறுத்தம். தூக்காவிட்டால் எதுவும் நடக்கவில்லை. பாதுகாப்புக்காக யாரோ எப்போதோ வைத்த விதி, அதுவே கணக்குக்கும் விதியாகிவிட்டது.

மாமியாரின் வலப்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கும். சில சமயம் தோட்டா உள்ளே போய் முழுதாக உட்காராமல், அதைத் தள்ளி மூடுகிற போல்ட் கடைசி நெல்லளவு மூடாமல் நிற்கும். உள்ளங்கையின் ஓரத்தால் அந்தக் கைப்பிடியில் ஒரு தட்டு தட்டினால் மூடிக்கொள்ளும். கண்மூடித் திறப்பதற்குள் தட்டிவிட்டு அடுத்த குண்டைச் சுடுவார்கள். அதற்கெல்லாம் யாராவது கையைத் தூக்குவார்களா? மருமகளிடம் தட்டுவதற்கு அப்படிக் கைப்பிடி கிடையாது. அவள் நின்றால் நின்றதுதான்.

புதுச் சிப்பாய்கள் பயிற்சிக்கு வந்து, "மேடம், இது நின்னு நின்னு போகுது" என்று மாமியாரைப் பற்றிப் புகார் சொன்னால் களமே சிரிக்கும். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பார் அண்ணி. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சோதனையின் கடைசிக் கட்டத்தில் என் வீட்டுக்காரர் விடுமுறையில் வந்திருந்தார். தம்பியின் சீருடையை அண்ணி எடுத்து இஸ்திரி போட்டார். நான் போட்டால் மடிப்பு நிற்காதாம். பேசிக்கொண்டே போட்டதில் வலது உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழே, பெட்டியின் அடியில் பட்டு வெந்துவிட்டது. "லீவு போடுங்க அண்ணி" என்றேன். "விசைய இழுக்கிற விரல் நல்லாத்தானே இருக்கு?" என்று கட்டுப்போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அன்றைக்கு மாமியாருக்கு மணல் சோதனை. நான்தான் வீசியடித்துக் கொடுத்தேன். அண்ணி சுட ஆரம்பித்தார், நின்றது. தட்டக் கையை ஓங்கினார். வெந்த இடம் கைப்பிடியில் பட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். வேறு வழியில்லை, இடது கையைத் தூக்கினார். கொடி ஏறியது, இறங்கியது. சுட்டார். திரும்பவும் நின்றது. திரும்பவும் கை. ஒரு மேகசின் தோட்டா முடிவதற்குள் கொடிக்காரர் ஏற்றி இறக்கிச் சலித்துப்போனார்.

"என்ன கல்லு, கூடம் கோணலா?" என்றார் இரண்டாவது மேடைக்காரர். ஆள் உயரம், கழுத்து அதைவிட உயரம், களத்தில் அவர் பெயர் ஒட்டகம். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கட்டுப்போட்ட கையை, அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல, உற்றுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

களத் தலைவர் வந்தார். அவரும் ஒரு காலத்தில் அதே வரிசையில் சுட்டவர்தான், தொழில் தெரிந்தவர், கெட்டவரும் அல்ல. "கை சரியில்லாம எதுக்கும்மா சுடறே? இன்னைக்குக் கணக்க விட்டுடலாம். ஒட்டகம் சுடட்டும்" என்றார்.

"விடக் கூடாது சார். இன்னைக்குக் கணக்குதான் சரி. இத்தனை நாளா இருந்ததுதான் தப்பு."

"என்ன உளர்றே?"

"நிக்குது சார். எப்பவுமே நின்னுருக்கு. நாமதான் தட்டித் தட்டி மறைச்சிருக்கோம். நம்மகிட்டதான் அது ஓடுது. தட்டத் தெரியாதவன் கையில போய் நிக்குது."

ஒட்டகத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அப்ப நாங்கல்லாம் பொய்க் கணக்கு குடுத்தோமா?"

"நாங்கன்னு எதுக்குச் சொல்றீங்க? நான்தான் முதல் மேடை. என் கை மறைச்ச அளவு வேற யாரும் மறைச்சிருக்க மாட்டாங்க" என்றார் அண்ணி. இதைச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். அந்தக் கையைத்தானே இருபது வருடமாக எல்லோரும் புகழ்ந்தார்கள். தலைவர் கேட்கவில்லை. அன்றைய கணக்கை அடித்துவிட்டு, மாமியாரே சிறந்தது, அதையே இன்னும் வாங்கலாம் என்று மேலே சொல்லிவிட்டார்.

வீட்டில் பெரிய சண்டை. என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அக்கா, அந்தத் துப்பாக்கியாலதான் நான் உயிரோட இருக்கேன். என்கிட்ட ஒருநாளும் நின்னதில்ல."

"நீ தட்டுவியா?"

"தட்டுவேன். எல்லாரும்தான் தட்டுவாங்க. அதெல்லாம் ஒரு விஷயமா?"

"எங்கடா கத்துக்கிட்டே?"

"நீதானே சொல்லிக்குடுத்தே!"

அண்ணி அவர் தள்ளிவிட்ட தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம், "நான் சொல்லித்தானே அதை நம்பினே. அதனால நானே சொல்றேன், நம்பாதே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணியைக் கண்டபடி பேசிவிட்டேன். மருமகளும்தானே நிற்கிறாள்? நாளைக்குப் பழகின துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு பழகாததைக் கொடுத்தால் இவர் கதி என்ன? எனக்குப் பயம். பயந்தவளுக்கு நியாயம் எங்கே தெரியும்? "அப்ப எதுதான் நல்லதுன்னு சொல்லித் தொலைங்களேன்" என்று கத்தினேன்.

"தெரியாதுடி. தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். இனிமேதான் பாக்கணும்" என்றார். அவர் தம்பி விடுமுறை முடிந்து கிளம்பும்போது அக்காவிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கையில் அதே மாமியாரோடு எல்லைக்குப் போய் நிற்கப்போகிறவர் அவர். அண்ணி வாசலில் நின்று, பஸ் போனபிறகும் உள்ளே வரவில்லை.

கை ஆறியது. வாங்குவதற்கு முன்னால் படையிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, நாற்காலி போட்டு, ஒரே தடபுடல். தலைவர் என்னிடம் வந்து, "மணல கொஞ்சமா தூவும்மா, சும்மா காட்டறதுக்குத்தானே" என்றார். சரி சார் என்றேன். எப்போதும் போடுகிற அளவைப் போட்டேன். விசிறியையும் எப்போதும்போல ஓடவிட்டேன். அண்ணியோடு பேச்சுவார்த்தை இல்லாத நேரம் அது. இருந்தாலும் என் மணல் என் மணல்தான். அதைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

அண்ணி முதல் மேடையில் உட்கார்ந்தார். சுட்டார். நின்றது. கை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, தட்டலாம். தட்டவில்லை. இடது கையைத் தூக்கினார். கொடி ஏறியது, வரிசை முழுக்க அமைதி. சரிசெய்து கொடுத்தார்கள். சுட்டார். நின்றது. கையைத் தூக்கினார். ஒட்டகம் பல்லைக் கடிப்பது என் இடத்துக்குக் கேட்டது. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருந்தது. சீக்கிரம் முடித்துச் சாப்பிடக் கூட்டிப்போகலாம் என்றிருந்த தலைவரின் முகம் செங்கல்லாகிவிட்டது. மேடைக்கே வந்துவிட்டார்.

"தட்டிட்டுச் சுடும்மா!" என்று காதருகே சீறினார். சீறியது இடது காதில். அண்ணி திரும்பவே இல்லை. அவர் சுற்றிவந்து வலப்பக்கம் நின்று அதையே சொன்னார்.

"தட்டறேன் சார். தட்டத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் இந்தத் துப்பாக்கின்னு முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறம் தட்டறேன்."

இதைத் தணிந்த குரலில் சொல்லியிருக்கலாம். காது கேட்காதவர்களுக்குத் தணிந்த குரல் ஏது? கொட்டகை முழுவதும் கேட்டது. அதிகாரிகளில் ஒரு அம்மா எழுந்து வந்தார். தலை நரைத்தவர். "தட்டறதுன்னா என்ன? நான் சுட்டுப் பாக்கலாமா?" என்றார்.

அண்ணி எழுந்து இடம் கொடுத்தார். அந்த அம்மா உட்கார்ந்து சுட்டார். சில குண்டுகள் போயின, அப்புறம் நின்றது. விசையை இழுத்தார், ஒன்றுமில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் துப்பாக்கியை இப்படியும் அப்படியும் பார்த்தார். பக்கத்தில் நின்ற தலைவரின் வலது கை தானாக நீண்டது. உள்ளங்கை ஓரத்தால் கைப்பிடியில் டக்கென்று ஒரு தட்டு. போல்ட் மூடிக்கொண்டது.

"இப்ப சுடுங்க மேடம்" என்று சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே தெரிந்தது. நீட்டிய கையை மடக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார். அந்த அம்மா அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். "எதிரி சுடறப்போ இந்தக் கை பக்கத்துல இருக்குமா?" என்று கேட்டார். ஒட்டகம்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பவும் சோதனை நடந்தது. இந்தமுறை இரண்டு துப்பாக்கியையும் பழகியிராத சிப்பாய்கள் சுட்டார்கள். சமையற்கூடத்திலிருந்து, வண்டி ஓட்டுமிடத்திலிருந்து என்று பொறுக்கிக் கூட்டிவந்தார்கள். மாமியாரின் குட்டு வெளிப்பட்டது. மருமகளைவிட ஒன்றும் குறைவாக நிற்கவில்லை. மருமகளும் யோக்கியம் இல்லை, அவளுடைய மேகசின் வாயிலேயே கோளாறு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இரண்டையும் திருத்திக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மாமியாருக்கு உள்ளே இருக்கும் ஒரு சுருள்வில்லை மாற்றினார்கள். படையில் ஏற்கெனவே இருப்பதற்கும் அதே புது வில் போனது.

அண்ணிக்கு என்ன கிடைத்தது? அதிகாரிகள் முன்னால் களத்தின் மானத்தை வாங்கினார் என்று வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சேறு பிசையும் இடத்துக்கு, எனக்குக் கீழே, மாற்றல். முதல் நாள் அவர் வந்து நின்றபோது, "வாங்க அண்ணி, இங்க நான்தான் பெரிய நாத்தனார்" என்றேன். "தண்ணி அதிகமா ஊத்தறே" என்று அன்றைக்கே என்னிடம் குறை கண்டுபிடித்தார். போன வேலைக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. முதல் மேடையில் வெடிச்சத்தம் கேட்கும்போது மட்டும் பிசைகிற கை கொஞ்சம் நிற்கும்.

அடுத்த விடுமுறையில் என் வீட்டுக்காரர் வந்தார். அக்காவிடம் சண்டைக்கு வருவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். "எங்க பிரிவுல ஒரு புதுப் பையன் இருந்தான்" என்றார். தையல்காரர் மகனாம். போன விடுமுறை முடிந்து இவர் திரும்பிப் போனபிறகு, புது வில் வருவதற்கு முன்னால், முதன்முதலாகச் சண்டையில் நின்றபோது அவன் துப்பாக்கி சுடவில்லை. இவர் பத்தடி தள்ளி இருந்தார். தட்டத் தெரியாமல் அவன் அதையே இழுத்துக்கொண்டிருந்தபோது குண்டு பட்டுவிட்டது. துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார்கள். இவர்தான் பார்த்தார். ஒரு தட்டு தட்டினார், சுட்டது. துப்பாக்கியில் குறை இல்லை, பையன்தான் பயத்தில் கை பதறிவிட்டான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

"அவங்கப்பாகிட்ட நானே போய்ச் சொன்னேங்க்கா. துப்பாக்கி நல்லாத்தான் இருந்துச்சுன்னு. மெதுவாத்தான் சொன்னேன். ஆனா சொன்னேன்."

அண்ணி கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "கிளம்பு."

"எங்கக்கா?"

"அவங்க வீட்டுக்கு."

"இப்பப் போய் என்ன சொல்றது? சொன்னா போன உயிர் வருமா?"

"உயிர் வராது. பேரு வரும். யூனிஃபார்ம போட்டுக்கிட்டு வா."

மறுநாள் காலையில் மூவரும் பஸ் ஏறினோம். தெருமுனையில் டீக்கடை, அதைத் தாண்டி நாலாவது வீடு. வாசல் அறையிலேயே தையல் மெஷின். தையல்காரர் கழுத்தில் டேப்போடு குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். சீருடையைப் பார்த்ததும் நிமிர்ந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"ஐயா, அன்னைக்கு நான் வந்து சொன்னது தப்பு" என்றார் என் வீட்டுக்காரர். "உங்க பையன் கை பதறல. துப்பாக்கிதான் நின்னுடுச்சு. அதுல குறை இருந்துச்சு. எங்கக்கா சொல்லியும் நான்தான் நம்பல."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. அவர் அழவில்லை. ஊசியிலிருந்து துணியை மெல்ல எடுத்து ஓரமாக வைத்தார்.

"என் பையனப் பயந்தாங்கொள்ளின்னு பேசினாங்க தம்பி. என்கிட்ட அளவு குடுக்க வந்தவங்களே, நான் அளவெடுத்துட்டு இருக்கும்போதே பேசினாங்க."

எழுந்து வந்து என் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார். படியிறக்கி, நடுத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "இங்க நின்னு சொல்லுங்க. சத்தமா."

சொன்னார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்கல" என்றார் தையல்காரர்.

இன்னும் உரக்கச் சொன்னார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. உள்ளேயிருந்து பையனின் அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து தெருவில் நின்றார். என்ன என்று கேட்கவில்லை, எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். டீக்கடைப் பக்கம் திரும்பி, "என் புள்ள கை பதறல, கேட்டுக்கோங்க!" என்று கத்தினார். கேட்டுக்கோங்க, கேட்டுக்கோங்க என்று ஒவ்வொரு வாசலையும் பார்த்துக் கத்திக்கொண்டே தெருவின் கடைசிவரை நடந்தார். என் வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு வாசலிலும் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார்.